டிக்கெட் எடுக்காத பூக்கள்

பஸ் ஓட்டிப் பழகியவன் கையில் நிலத்தைக் கொடுத்தால் அதையும் அவன் ஓட்டத்தான் பார்ப்பான். ஹாரன் அப்படித்தான் பார்த்தார். வீட்டில் வைத்த பெயர் வேறு. வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே கூட வேலை பார்த்தவர்கள் அதைக் கழற்றிவிட்டு இதை மாட்டிவிட்டார்கள். முன்னால் ஆடு போனாலும் அடிப்பார். ஆடு போய் முடிந்து தெரு காலியாகக் கிடந்தாலும் ஒரு மரியாதைக்கு அடித்துவைப்பார். ஓய்வு பெற்றபோது வண்டி போயிற்று, பெயர் தங்கிவிட்டது.

வீட்டுக்குப் பின்னால் அவருடைய அப்பா விட்டுப்போன நிலம் இருந்தது. நடுவில் ஒரு கம்பி வேலி. இந்தப் பக்கம் அவருடையது, அந்தப் பக்கம் அவருடைய தங்கையுடையது. தங்கையின் பாதியை, பாகம் பிரிப்பதற்கு முன்பிருந்தே, ஒரு வெள்ளை வலைக்கூடாரம் மூடியிருந்தது. மேலே வலை, சுற்றிலும் வலை, நுழைவதற்கு ஒன்றுக்குப் பின் ஒன்றாக இரண்டு கதவு. ஒரு கதவைச் சாத்திய பிறகுதான் அடுத்ததைத் திறப்பார்கள். உள்ளே அவளும் அவள் கணவரும் பூசணி வளர்த்தார்கள். காய்க்காக இல்லை, விதைக்காக. வெளியிலிருந்து ஒரு தேனீ வேறு பூசணியின் மகரந்தத்தைக் கொண்டுவந்து கலந்துவிட்டால் அந்த விதையை விதைக் கம்பெனிக்காரன் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான். அதனால்தான் அவ்வளவு கட்டுக்காவல்.

அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்வதில்லை. நிலத்தைப் பிரித்த அன்று, சொந்தக்காரர்கள் எல்லோரும் கூடியிருக்கும்போது, தங்கை நல்லெண்ணத்தில்தான் சொன்னாள். அண்ணனுக்கு விவசாயம் பழக்கமில்லை, அவர் பாதியையும் தன்னிடமே குத்தகைக்கு விட்டால் வருஷா வருஷம் ஏதாவது வந்துகொண்டிருக்கும் என்றாள். ஹாரனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. கொசுவலைக்குள் உட்கார்ந்து விவசாயம் பண்ணுகிறவள் எனக்குச் சொல்லித்தருகிறாளா என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தங்கையும் சும்மா இருக்கவில்லை. மண், ஹாரன் அடித்தால் வழி விடாது அண்ணா என்றாள். அதற்கு இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பில்தான் அவர் வாய் விட்டார். இந்த நிலத்தில் யார் தயவும் இல்லாமல் தனியாக ஒரு விளைச்சல் எடுத்துக் காட்டுகிறேன். முடியாவிட்டால் என் பாதியும் உனக்கே. அதுவரைக்கும் உன் வாசற்படியை மிதிக்கமாட்டேன். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். தவளையாவது மழைக்காலத்தில்தான் கத்தும்.

முதல் வருஷம் வெங்காயம் போட்டார், அழுகிற்று. அது கணக்கில் சேராது, மழை அதிகம் என்றார். அடுத்த வருஷம் கத்தரி போட்டார், புழு தின்றது. புழு தின்றதற்கு நான் என்ன செய்வேன், அதுவும் சேராது என்றார். மூன்றாவதாகப் பூசணி விதை வாங்கிக்கொண்டு வந்தபோது, தையல் மிஷினில் குனிந்திருந்த அவர் மனைவி தலையை நிமிர்த்தாமலே, இதுவாவது கணக்கில் சேருமா என்று கேட்டாள். அவள் வீட்டிலிருந்தே துணி தைத்துக் கொடுப்பவள். அவள் பேச்சும் ஊசி மாதிரித்தான், குத்துவது தெரியாது, நூல் உள்ளே போன பிறகுதான் தெரியும்.

சேரும் என்றார் ஹாரன். நிலம் போய்விட்டால் என்ன மிச்சம் என்று அவருக்குத் தெரியும். வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருக்கிறது. அதில் உட்கார்ந்து, மற்றவர்கள் ஓட்டும் வண்டிகளின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, இது இந்த வண்டி, இது அந்த வண்டி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான். கூட வேலை பார்த்தவர்களில் இரண்டு பேர் அப்படி உட்கார்ந்திருப்பதை அவர் பார்த்திருக்கிறார். அவர்களைத் தாண்டிப் போகும்போது வேகமாக நடப்பார்.

ஆகவே இந்த முறை முறையாகச் செய்வது என்று முடிவெடுத்தார். சிறிய அளவில் காய்கறி போடுகிறவர்களுக்குச் சந்தைக் கூடத்தில் ஒரு நாள் வகுப்பு நடந்தது. முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். பாடம் நடத்திய பெண் ஒரு தக்காளிச் செடியைத் தொட்டியோடு கொண்டுவந்து மேஜைமேல் வைத்திருந்தாள். தண்டுக்கும் இலைக்கும் நடுவில் முளைக்கும் பக்கக் கிளையைக் காட்டி, இது பெரிதாகக் காய்க்காது, செடியின் சத்தைத்தான் உறிஞ்சும், சின்னதாக இருக்கும்போதே கிள்ளிவிடுங்கள் என்றாள். பிறகு ஒரு வாக்கியம் சொன்னாள்: "காய்க்காததுக்குத் தீனி போடாதீங்க."

ஹாரனுக்கு உடம்பு சிலிர்த்தது. வாழ்நாள் முழுக்க அவர் நம்பியது இதைத்தானே. டிக்கெட் எடுக்காமல் ஏறி, படியில் தொங்கி, இறங்குகிறவனுக்கும் வழி விடாமல் நிற்கிறானே, அவனைப் பற்றி இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. தேநீர் இடைவேளைக்குப் பிறகு பூசணி, சுரை, பீர்க்கு என்று அறிவித்திருந்தார்கள். ஆனால் அவருக்குத்தான் ஞானம் கிடைத்துவிட்டதே. அதைப் பழைய சகாக்களிடம் சொல்வதற்காக இடைவேளையிலேயே பஸ் நிலையத்துக்குக் கிளம்பிப் போய்விட்டார். இந்தக் கதையில் நடந்த அத்தனைக்கும் காரணம் அந்த ஒரு தேநீர்தான்.

பூசணி அருமையாகக் கிளம்பிற்று. கொடி வேலிவரைக்கும் ஓடியது. இலைகள் ஆளுக்கொரு குடை பிடித்தன. ஒரு காலையில் முதல் பூ மலர்ந்தது, உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள். மறுநாள் வாடி விழுந்தது, காய் இல்லை. அடுத்ததும் அப்படியே. பக்கத்து வயலில் தக்காளி போட்டிருந்தவர், அதெல்லாம் ஆண் பூ, அது காய்க்காது, பெண் பூ பின்னால் வரும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது உண்மை. ஹாரன் காதில் விழுந்தது "காய்க்காது" மட்டும்.

மறுநாளிலிருந்து டிக்கெட் பரிசோதனை ஆரம்பமாயிற்று. விடியும்போதே வாளியை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார். ஒவ்வொரு கொடியாக இலையை விலக்கிப் பார்ப்பார். நீளக் காம்பு, அடியில் பிஞ்சு இல்லை என்றால் அது இலவசப் பயணி. கிள்ளு. நாளை மலரப்போகும் மொட்டா, நாளைக்கு ஏறப்போகிறவன்தானே, அதையும் கிள்ளு. மிளகு அளவில் இருந்த மொட்டுகளைக்கூட நகத்தால் தேடித் தேடி எடுத்தார். வாளி நிறைய மஞ்சளைப் பார்த்த மனைவி, இவ்வளவு அழகாக இருக்கிறதே, இருந்துவிட்டுப் போகட்டுமே என்றாள். அழகாக இருக்கிறான் என்று எவனையும் இலவசமாக ஏற்றமுடியாது என்றார் ஹாரன்.

பிறகு பெண் பூக்கள் வந்தன. அடியில் கோலிக்குண்டு அளவில் ஒரு பூசணி, அதன் தலையில் பூ. அவருக்குத் தலைகால் புரியவில்லை. மனைவியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார். பேரக்குழந்தையைக் காட்டுகிற மாதிரி காட்டினார் என்று அவள் பிற்பாடு சொன்னாள். நாலைந்து நாளில் அந்தப் பிஞ்சு மஞ்சளடித்தது. தொட்டார், கையோடு வந்துவிட்டது. அடுத்ததும் வந்தது. அதற்கடுத்ததும்.

உரம் போட்டார். தண்ணீரைக் கூட்டினார், பிறகு குறைத்தார். தேனீக்கள் வரவில்லையோ என்று காத்திருந்து பார்த்தார், வந்தன. பெண் பூவுக்குள் இறங்கி, தேனைக் குடித்துவிட்டு, வந்த வழியே போயின. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பிஞ்சுகள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்று விழுந்துகொண்டிருந்தன. அவர் சத்தம் குறைந்து போயிற்று. சாப்பிட்டீர்களா என்று மனைவி கேட்டால் தலையை மட்டும் ஆட்டினார். ஒரு மத்தியானம் வாசல் நாற்காலியில் போய் உட்கார்ந்துகூடப் பார்த்தார், கால்சட்டைப் பையில் கைகளை விட்டுக்கொண்டு.

மனைவிக்கு அது பொறுக்கவில்லை. உள்ளே கூப்பிட்டாள். மிஷினில் ஏதோ வெள்ளையாக, மலை மாதிரி குவிந்து கிடந்தது. என்ன துணி இது என்று கேட்டார். துணி இல்லை, வலை என்றாள்.

"யாரோட வலை?"

"ஊர்ல எத்தனை பேர் வலை கட்டியிருக்காங்க? உங்க தங்கச்சியோடதுதான். காத்தடிச்சா கிழியுது. நான்தான் தைச்சுக் கொடுக்கறேன். இப்ப இல்ல, ஆரம்பத்துலேர்ந்து."

ஹாரன் நின்ற இடத்திலேயே நின்றார். பேச்சு வார்த்தை இல்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்த இத்தனை காலமும், அந்தக் கூடாரமே அவர் வீட்டு நூலில்தான் நின்றுகொண்டிருந்திருக்கிறது. கோபப்படலாமா என்று ஒரு கணம் பார்த்தார். அதற்குக்கூட அவரிடம் தெம்பு இல்லை.

"அவ பூசணியிலேயே பொழைக்கறவ. அவளைக் கேளுங்க," என்றாள் மனைவி.

"அவ வாசப்படியை மிதிக்க மாட்டேன்னு சொல்லியிருக்கேன்."

"வேலிக்கு வாசப்படி கிடையாது. பிஞ்சு எல்லாம் உதிர்ந்துடுச்சு, உங்க வீம்பு ஒண்ணுதான் கொடியில நிக்குது. அதையும் கொஞ்சம் கிள்ளிப் போடுங்க."

மறுநாள் விடியலில் வேலியோரம் போய் நின்றார். கையில், அன்று காலையில் விழுந்த ஒரு பிஞ்சு. வேலிக்கு அப்பால் கூடாரத்தின் உள்கதவு சாத்தும் சத்தம் கேட்டது, பிறகு வெளிக்கதவு திறந்தது. தங்கை கையில் ஒரு வாளியோடு வந்தாள். தலைமுடி முன்புறம் நரைத்திருந்தது. எப்போது நரைத்தது என்று அவருக்குத் தெரியாது. அவரைப் பார்த்ததும் நின்றாள். அவர் பிஞ்சை வேலிக்கு மேலாக நீட்டினார்.

அவள் வாங்கிப் பார்த்தாள், மோந்து பார்த்தாள். பிறகு அவர் தோளுக்கு மேலாக அவர் கொடிகளைப் பார்த்தாள்.

"ஆண் பூ எங்கண்ணா?"

"கிள்ளிட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். மொட்டோட."

தங்கை உதட்டைக் கடித்துக்கொண்டாள். அது உதவவில்லை. வாளியைக் கீழே வைத்தாள், பிறகு அவளும் கீழே உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வரும்வரைக்கும் சிரித்தாள். "ஏண்ணா, மாப்பிள்ளைங்களை எல்லாம் அடிச்சுத் துரத்திட்டு, பொண்ணுங்களுக்கு ஏன் குழந்தை பிறக்கலைன்னு கேட்டா, பொண்ணுங்க என்ன பண்ணும்?"

ஹாரனுக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. வெட்கம் காதுவரைக்கும் ஏறிற்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் உண்டு. அவரிடம் மறைப்பதற்குக்கூட ஒரு பூசணிக்காய் இல்லை. ஆனால் அவள் சிரிப்பு நிலத்தைப் பிரித்த அன்று கேட்ட சிரிப்பாக இல்லை. சின்ன வயதில் அவர் மரத்திலிருந்து விழுந்தபோது சிரித்துக்கொண்டே ஓடிவந்து தூக்கிவிட்டாளே, அந்தச் சிரிப்பு.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தினம் காலைல வாளியோட போறதை வேலி வழியா பார்த்தேன். பூவை விக்கற போலிருக்குன்னு நினைச்சேன். நாம பேசிட்டிருந்தா அன்னைக்கே கேட்டிருப்பேன்."

ஹாரன் திரும்பித் தன் கொடிகளைப் பார்த்தார்.

கோடை வெயில் ஏறிவிட்டால் கொடிகள் ஆண் பூவாகவே தள்ளும், பெண் பூ வருவது நின்றுபோகும் என்றாள் அவள். அதாவது, அவர் கொடிகளில் புதிய ஆண் மொட்டு வந்து மலர்வதற்குள் பெண் பூக்களின் காலம் முடிந்துவிடலாம். அப்புறம் பந்தல் நிறைய மாப்பிள்ளைகள் இருப்பார்கள், பெண் இருக்கமாட்டாள். அப்படியானால் நிலம் போயிற்று என்று ஹாரன் நினைத்தார். நினைத்ததும், இவளுக்குத்தானே போகிறது என்பதும் நினைவுக்கு வந்தது. இவள் ஒன்றும் செய்யாமல் வீட்டுக்குப் போய்த் தேநீர் குடித்தாலே போதும், இந்தப் பாதியும் அவளுடையதாகிவிடும்.

தங்கை கீழே வைத்திருந்த வாளியை எடுத்தாள். அதற்குள் மஞ்சளாக, அன்றைய காலையில் மலர்ந்த ஆண் பூக்கள். கூடாரத்தில் தேவைக்குப் போக மிஞ்சியவை, குப்பைக்குப் போகிறவை. "கம்பியைத் தூக்குண்ணா," என்றாள்.

அவர் மேல்கம்பியைத் தூக்கி, கீழ்க்கம்பியைக் காலால் மிதித்தார். அவள் குனிந்து இந்தப் பக்கம் வந்தாள்.

அன்று அவர் கொடிகளில் நிறையப் பெண் பூக்கள் மலர்ந்திருந்தன. முதல் பூவின் முன்னால் அவள் முழங்கால் போட்டு உட்கார்ந்தாள். அவரையும் உட்காரச் சொன்னாள். வாளியிலிருந்து ஒரு ஆண் பூவை எடுத்து, அதன் மஞ்சள் இதழ்களை ஒவ்வொன்றாக உரித்தாள். நடுவில் ஒரு சின்னத் தூண் மட்டும் நின்றது. அதை அவர் விரலில் மெல்ல ஒற்றினாள். விரல் நுனியில் பொன் மாதிரி ஒரு பொடி.

இவ்வளவையும் வாளி வாளியாக எருக்குழியில் கொட்டியிருக்கிறோம் என்று நினைத்தபோது ஹாரன் அந்த விரலை வேறெதிலும் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

பெண் பூவின் உள்ளே பார்க்கச் சொன்னாள். வாழ்நாளில் அவர் ஒரு பூவுக்குள் முகத்தை வைத்துப் பார்த்ததில்லை. பஸ்ஸின் கண்ணாடி வழியாகத்தான் உலகத்தைப் பார்த்திருந்தார், அதில் எல்லாமே பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். இது ஓடவில்லை. உள்ளே வெளிச்சம் மஞ்சளாக நிறைந்திருந்தது. நடுவில் தடித்த, மடிப்பு மடிப்பான ஒரு உறுப்பு ஈரமாக மினுங்கிற்று. அதற்கும் கீழே, ஆழத்தில், ஒரு துளி தேன். அவர் மூச்சு பட்டு இதழ் அசைந்தது, சட்டென்று மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

தங்கை அந்தத் தூணை மடிப்புகளின்மேல் மெதுவாக, சுற்றிலும், ஒரு இடம் விடாமல் ஒற்றினாள். குழந்தைக்குப் பவுடர் போடுகிற பதம். ஒட்டிய பொடியைக் காட்டிச் சொன்னாள்: "இதுல ஒவ்வொரு தூளும் இப்போ ஒரு நூல் விடும். கண்ணுக்குத் தெரியாது. அந்த நூல் இந்தப் பூவோட அடி வழியா இறங்கி, பிஞ்சுக்குள்ள போயி, ஒரு விதையைத் தொடும். ஒரு தூளுக்கு ஒரு விதை. காய்க்குள்ள எத்தனை விதை பார்க்கறியோ, அத்தனை தூளு இன்னைக்கு காலைல வந்து சேர்ந்திருக்கணும். ஒரு பக்கம் கம்மியா விழுந்தா காய் அந்தப் பக்கம் கோணிக்கும்."

ஹாரன் சின்ன வயதிலிருந்து பூசணிக்காய் பார்த்திருக்கிறார். வெட்டும்போது உள்ளே சோறாய் ஒட்டிக்கிடக்கும் விதைகளைக் கையால் வழித்து எறிந்திருக்கிறார். அந்த ஒவ்வொரு விதைக்கும் தனித்தனியாக ஒரு நூல் இறங்கிவந்ததா? யாரும் பார்க்காத இருட்டுக்குள், ஒன்றும் வழி தவறாமல்? இவ்வளவு நெரிசலில் ஒரு விபத்துகூட இல்லாமல்? அவர் தலையில் கட்டியிருந்த துண்டைக் கழற்றினார். ஏன் கழற்றினோம் என்று அவருக்கே தெரியவில்லை.

"இது எவ்வளவு நேரம் திறந்திருக்கும்?" என்று மெல்லிய குரலில் கேட்டார். அந்தக் குரல் அவருடையதுதானா என்று தங்கை திரும்பிப் பார்த்தாள்.

"வெயில் உன் வீட்டுப் பின்சுவருக்கு வர்ற வரைக்கும். அப்புறம் மூடிக்கும்."

"நாளைக்கு மறுபடி திறக்குமா?"

"திறக்காதுண்ணா. இதுக்கு இந்த ஒரு காலைதான்."

அவருடைய வண்டியைத் தவறவிட்டவனுக்கு அடுத்த வண்டி இருந்தது. ஓடிவந்து மூச்சு வாங்கி நின்றவர்களை விட்டுவிட்டு அவர் கிளப்பியிருக்கிறார், அடுத்ததில் வரட்டுமே என்று. இந்தப் பூவுக்கு அடுத்த வண்டி கிடையாது. ஒரே நடை. அதுவும் இவ்வளவு பெரிதாக, இவ்வளவு மஞ்சளாக, எல்லாக் கதவையும் திறந்துவைத்துக்கொண்டு அது காத்திருக்கிறது. யாரையும் கூப்பிடவில்லை. ஒரு சத்தம்கூட இல்லை.

அன்று வெயில் சுவருக்கு வருவதற்குள் மலர்ந்திருந்த பூக்கள் அத்தனையையும் இருவருமாகச் சேர்ந்து முடித்தார்கள். முடித்த பூவின் வாயை நூலால் கட்டி அடையாளம் வைத்தாள் தங்கை. நூல் தீர்ந்தபோது அவர் மனைவி ஒன்றும் கேட்காமல் ஒரு கண்டு சிவப்பு நூலைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அங்கேயே நின்றுகொண்டாள்.

அதன்பிறகு தினமும் அவள் வாளியோடு வந்தாள், தினமும் அவர் கம்பியைத் தூக்கினார். முதலில் கட்டிய பூக்களை அவர் மத்தியானமும் சாயங்காலமும் போய்ப் பார்த்தார். தொடவில்லை, பயம். மூன்று நாள் கழித்து ஒரு பிஞ்சு கரும்பச்சையாகியிருந்தது. காம்பு தடித்திருந்தது. மறுநாள் அது முட்டை அளவு, அதற்கு மறுநாள் கைப்பிடி அளவு. ஒரு தூள் இறங்கிய இடத்தில் இவ்வளவு வேகமா என்று அவர் மண்ணில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் அவசரமாக ஒற்றிய ஒன்று மட்டும், அவள் சொன்னபடியே, ஒரு பக்கம் கோணிக்கொண்டு வந்தது. அதைத்தான் அவர் அதிகமாகப் பார்த்தார். தன் கை எந்தப் பக்கம் சோம்பேறித்தனம் பண்ணியது என்று காய் எழுதிக் காட்டியிருந்தது.

பிறகு ஒரு காலை அவருடைய கொடிகளிலேயே ஆண் பூக்கள் மலர்ந்தன. நீளக் காம்பு, அடியில் பிஞ்சு இல்லை. ஹாரன் அவற்றின் பக்கத்தில் போகும்போது சட்டையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு போனார், பட்டுவிடக் கூடாதே என்று. வேலிக்குப் போய்ச் செய்தியைச் சொன்னார். இனிமேல் அவள் பூ கொண்டுவரத் தேவையில்லை.

தங்கை வாளி இல்லாமல் வந்தாள். வேலை இல்லையே, எதற்கு வந்தாய் என்று அவர் கேட்கவில்லை. ஒரு ஆண் பூவின் எதிரே இருவரும் உட்கார்ந்தார்கள். ஒரு தேனீ வந்தது. பூவுக்குள் விழுந்து, தூணைக் கட்டிக்கொண்டு புரண்டது. வெளியே வந்தபோது தலை, முதுகு, கால் எல்லாம் மஞ்சள். கனம் தாங்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து பறந்தது. நேராக அடுத்த கொடியின் பெண் பூவுக்குள் இறங்கிற்று. மடிப்புகளைச் சுற்றி ஒரு வட்டம். வெளியே வந்தது, போய்விட்டது. அவர்கள் இருவரும் முழங்கால் வலிக்க, குனிந்து, மூச்சைப் பிடித்துச் செய்த வேலை. அது ஒரு பெருமூச்சுவிடும் நேரத்துக்குள் முடிந்திருந்தது.

ஹாரன் திரும்பிப் பார்த்தார். தங்கையின் வாய் லேசாகத் திறந்திருந்தது. அவள் கை அவர் மணிக்கட்டைப் பிடித்திருந்தது, பிடித்தது அவளுக்குத் தெரியவில்லை.

"எங்க வலைக்குள்ள நான்தாண்ணா தேனீ," என்றாள். "உள்ள ஒண்ணு வந்துட்டா அடிச்சு வெளிய தள்றதுதான் என் வேலை. இது எப்படிப் பண்ணும்னு பாடம் மாதிரி தெரியும். கண்ணால இப்பதான் பார்க்கறேன்."

வெயில் சுவருக்கு வந்து, பூக்கள் ஒவ்வொன்றாக வாயைச் சுருக்கிக்கொள்ளும்வரைக்கும் அங்கேயே இருந்தாள். மறுநாளும் வந்தாள்.

காய்கள் முற்றின. தோல் கெட்டியாகி, காம்பு காய்ந்து, நிலம் முழுக்கப் பூசணிகள் கிடந்தன. வண்டி வைத்து ஏற்றுகிற அளவுக்கு வந்தது. ஏற்றி அனுப்பிய அன்று சாயங்காலம் ஹாரன் குளித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, கோணலாக வந்த அந்தக் காயை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு புறப்பட்டார். எங்கே போகிறீர்கள் என்று மனைவி கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அவளும் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனாள்.

தங்கை வீட்டு வாசற்படியின்மேல் ஏறி நின்று அவர் சொன்னார்: "தனியா எடுக்கறேன்னு சொன்னேன். தனியா எடுக்கல. உன் பூவுல வந்த காய். நான் சொன்ன சொல் சொன்னதுதான். என் பாதி உனக்கு." குரல் கடைசியில் உடைந்தது. நிலம் போவதற்காக மட்டும் இல்லை. அடுத்த வருஷம் அந்தப் பூக்களுக்குள் முகம் வைத்துப் பார்க்க அவருக்கு இடம் இருக்காது.

தங்கை கோணல் காயை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அதன் கோணலைத் தடவிப் பார்த்தாள்.

"எனக்குக் கொடுத்தா நான் அதையும் வலை போட்டு மூடிடுவேண்ணா. எனக்கு வேற தெரியாது," என்றாள். "மூடிட்டா தேனீ வராது. அப்புறம் நான் காலைல எங்க போய்ப் பார்க்கறது? நீயே வெச்சுக்கோ. எனக்கு ஒரு சீட் மட்டும் போட்டு வை."

அடுத்த பருவத்தில் பூசணியின் முதல் பூ ஆண் பூவாகத்தான் மலர்ந்தது. அதன் எதிரே, பாத்தி ஓரத்தில், பழைய வாளி ஒன்று கவிழ்த்துப் போடப்பட்டிருந்தது. அதன்மேல் வேறு யாரும் உட்கார்ந்துவிடக் கூடாதென்று ஹாரன் தன் துண்டைப் போட்டுவைத்துவிட்டு, வேலிக்கம்பியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.